முதனூலும் வழிநூலும்

ஜப்பானியர் தம் சித்திரக்கதையை ‘மங்கா’ என்றும், அசையும் ஓவியப்படத்தை ‘அனிமே’ என்றும் வழங்குவர். இவற்றை நடிகரைக்கொண்டு தொலைக்காட்சித் தொடராக்குவோர் எதனைக் காத்தல் வேண்டும்?

1998-இல் தோன்றிய ‘கௌபாய் பீபாப்’ அனிமே, 2021-இல் நெட்பிளிக்ஸில் தொடராயிற்று. உடையும் இசையும் மூலத்தை ஒத்தன. ஆயினும், மூலத்தில் ஸ்பைக்கை நேசித்து உயிர்நீத்த ஜூலியா, தொடரில் அவனையே சுடுகின்றாள். ஒரு திங்கள் நிறையுமுன் அத்தொடர் கைவிடப்பட்டது.

எய்ச்சிரோ ஓடா 1997-இல் தொடங்கிய ‘ஒன் பீஸ்’ மங்காவோ, 2023-இல் எட்டுப் பகுதிகளாக நடிக்கப்பெற்றது. நிகழ்ச்சிகள் பல சுருங்கின, சில இடம்மாறின. ஆசிரியரே மேற்பார்த்த அத்தொடரில், லூபியின் கள்ளமற்ற நட்பும் கடல்வேட்கையும் குன்றவில்லை. இரண்டு வாரத்திற்குள் அடுத்த பருவமும் அறிவிக்கப்பட்டது.

முதனூலின் முடிபோடு ஒத்து, வேண்டும் வேறுபாடு கொள்வதே வழிநூல் என்னும் நம் இலக்கண மரபு ஈண்டும் பொருந்துதல் காண்க. புறக்கோலம் மாறலாம், பாத்திரத்தின் உள்ளம் மாறலாகாது.