மாட்டு வண்டியில் வந்த நூலகம்

நூலகம் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது ஒரு கட்டிடம்; அதனுள் சில அலமாரிகள்; நீண்ட மேசையருகே அமர்ந்து நாளிதழ் புரட்டும் சிலர். இவ்வளவே நூலகம் என்றால், அக்கட்டிடத்தின் படியேற இயலாதவர்க்கும், ஏறத் தயங்குபவர்க்கும் அது எங்ஙனம் பொது நூலகம் ஆகும்? இவ்வினாவைத் தமிழ் மண்ணில் எழுப்பி, விடையும் தேடியவர் சீ. இரா. அரங்கநாதன் ஆவார்.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். சிறுவர், தொழிலாளர், இல்லத்தரசியர் எனப் பலரும் பொது நூலகத்தைத் தம் உடைமைபோல் பயன்படுத்துவதை அங்கே கண்டார். திரும்பியபின் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூல் 1931-இல் வெளிவந்தது. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் இரண்டாம் விதி. கேட்கும்போது எளிமையாகத் தோன்றும் இவ்விதியை விளக்கும்போதுதான் அரங்கநாதனின் உள்ளம் நமக்குப் புலனாகிறது. ஆண் படித்தால் போதுமா, பெண் படிக்க வேண்டாமா? நகரத்தார்க்கு உள்ள உரிமை நாட்டுப்புறத்தார்க்கு இல்லையா? பார்வையற்றோர், மருத்துவமனையில் கிடப்போர், சிறையில் இருப்போர், கப்பலில் பணிபுரிவோர் ஆகியோர் வாசகர் அல்லரா? இவ்வாறு ஒவ்வொரு பிரிவினரையும் அவர் விதிக்குள் கொண்டுவருகிறார்.

அதே 1931-ஆம் ஆண்டில்தான் மன்னார்குடியில் அந்த வண்டி புறப்பட்டது. பொறியாளர் கனகசபைப் பிள்ளை வடிவமைத்த நூலக வண்டி அது, இழுத்தவை மாடுகள். ஊர் ஊராகச் சென்று நூல்களைக் கொடுத்துத் திரும்பப் பெறுவதே அதன் பணி. பரோடா மன்னர் சாயாஜிராவ் ஆட்சியில் மரப்பெட்டிகளில் நூல்களை அடைத்துச் சிற்றூர்களுக்கு அனுப்பும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. எனினும் பெட்டி வேறு, வண்டி வேறு. பெட்டி ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் இறங்கும். அவ்வீட்டுத் திண்ணையை மிதிக்கக் கூடியவர்க்கே அதிலுள்ள நூல் கிட்டும். வண்டியோ தெருவில் நிற்கும். சாதியின் பெயரால் தெருக்கள் பிரிந்து கிடந்த அக்காலத்தில் இது சிறிய வேறுபாடு அன்று. நிற்கும் இடத்தை வண்டியோட்டி மாற்றினால் வாசகர் கூட்டமே மாறிவிடும் அல்லவா? ஆந்திரப் பகுதியில் 1935-இல் கால்வாய் வழியே படகு நூலகம் ஒன்றும் சென்றது. சாலை இல்லாத இடத்தில் நீர்வழியே சாலையாயிற்று.

விடுதலைக்குப் பின், அவினாசிலிங்கம் கல்வியமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1950-இல் நடைமுறைக்கு வந்தது. சொத்து வரியோடு ரூபாய்க்கு ஆறு தம்படி நூலக வரியாகப் பெற அச்சட்டம் வழி செய்தது. இவ்வரியைப் பற்றி மாணவர் பலர் அறிந்திலர். குடிசை வீட்டு வரியோடும் நூலகத்தின் பங்கு சேர்ந்தே செல்கிறது. ஆகவே நூலகம் எவரும் நமக்கு இடும் தருமம் அன்று. நாம் பணம் செலுத்திப் பெற்ற பொருள்.

இனி நம் பகுதிக்கு வருவோம். கம்மாபுரத்தைச் சுற்றி வாழ்வோர் யாவர்? நெல்லும் நிலக்கடலையும் விளைவிக்கும் உழவர், வயற்கூலி மகளிர், விருத்தாசலம் பீங்கான் கூடங்களில் களிமண் பிசைவோரும் சூளை பார்ப்போரும், நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக இருப்போர், அச்சுரங்கத்திற்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் குடியேறியோர். இவர்களுள் பெரும்பாலோர் நூலகம் திறந்திருக்கும் வேளையில் வேலையில் இருப்பர். வேலை முடிந்து வரும்போது நூலகம் பூட்டியிருக்கும். பின்னர், 'மக்களுக்குப் படிக்கும் ஆர்வமே இல்லை' என்று நாம் கூறிவிடுகிறோம். இக்கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. சூளையில் நிற்பவர்க்கு மெருகுப் பூச்சைப் பற்றிய தமிழ் நூல் ஒன்றை எவரேனும் எடுத்துச் சென்று காட்டியதுண்டா? நிலம் இழந்தவர்க்கு இழப்பீட்டுச் சட்டத்தை எளிய தமிழில் கொடுத்ததுண்டா?

1990-களில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக எழுத்தறிந்த பெண்கள் பலர், தொடர்ந்து படிக்கப் பெரிய எழுத்து நூல்கள் போதிய அளவில் கிடைக்காமையால், கற்றதை மறந்தனர். நூலகம் அன்றே அவர்கள் வாசலுக்குச் சென்றிருக்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் சில நல்ல முயற்சிகள் நடந்துள்ளன. 2010-இல் திறக்கப்பட்ட சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோர்க்கெனப் பிரெய்ல் பிரிவு உண்டு. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில், நூலகத்திற்கு வர இயலாத முதியோர், மாற்றுத் திறனாளிகள் முதலியோர் இல்லங்களுக்குத் தன்னார்வலர் நூல்களை எடுத்துச் செல்கின்றனர். சிறைவாசிகளுக்காகப் புத்தகக் காட்சிகளில் நூற்கொடை பெறும் 'கூண்டுக்குள் வானம்' முயற்சியும் குறிப்பிடத்தக்கது. அரங்கநாதன் எண்ணிய பிரிவினர் ஒவ்வொருவராக வந்து சேர்கின்றனர், ஆனால் மெதுவாகத்தான்!

சென்னையில் உள்ள பிரெய்ல் நூல் நமக்கு எட்டாத் தொலைவு. அரசுக் கலைக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர் பலர் பயில்கின்றனர். தேர்வு நெருங்கும்போது பாடத்தை வாசித்துக் காட்ட ஆள் தேடி அவர்கள் விடுதி அறைகளின் கதவைத் தட்டுவதைக் கண்டிருக்கிறோம். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் உள்ளது. ஒரு மாணவர் நாளொன்றுக்கு அரைமணி நேரம் வாசித்துப் பதிந்தால், ஒரு பருவத்திற்குள் ஒரு பாடநூல் முழுமையும் ஒலிநூலாகிவிடும். கிளை நூலகரிடம் கேட்டு, நூலகத்தின் ஒரு மூலையை மாலை வேளையில் இதற்கெனப் பெறலாம். வாசகர் வட்டக் கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றக் கோரலாம். பீங்கான் கூடத்தாரும் அன்று வருவர். மிதிவண்டியில் இருபது நூல்களைக் கட்டிக்கொண்டு, நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கு நண்பகல் இளைப்பாறும் நேரத்தில் ஒருவர் சென்று பார்க்கலாம். எந்த நூல்களைக் கொண்டு செல்வது என்பதை முதல் வாரம் அப்பெண்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.