குளிர்பானப் பொடியில் சாயம்: எந்தத் துணியில் பிடிக்கும்?

அமெரிக்காவில் கரடி பொம்மை செய்யும் பெண்கள் சிலர் மொஹேர் துணிக்கு, அதாவது அங்கோரா ஆட்டு ரோமத் துணிக்கு, வீட்டிலேயே சாயம் ஏற்றுகிறார்கள். எதில் தெரியுமா? 1927-ல் அங்கே வந்த கூல்-எய்ட் குளிர்பானப் பொடியில்! சர்க்கரை சேர்க்காத பொட்டலமா இருக்கணும், இல்லேன்னா பிசுபிசுக்கும்.

நனைத்த துணியைப் பொடி கரைத்த தண்ணீரில் போட்டு, கொதிக்க விடாமல் சூடாக்கணும். ரொம்பக் கிளறினால் ரோமம் சிக்காகிவிடும். தண்ணீர் தெளிந்தால் சாயம் ஏறிவிட்டது. ஆறிய பிறகே அலசணும்.

பொடியிலுள்ள சிட்ரிக் அமிலமும் சூடும்தான் நிறத்தைப் பிடிக்க வைக்கின்றன. கம்பளி, பட்டிலும் பிடிக்கும். பருத்தியில் நிற்காது. அந்தப் பொம்மைத் துணியிலேயே பருத்தியாலான அடிப்பக்கம் வெளிறித்தான் இருக்கும். பருத்தியில் போட்டு விற்றால் முதல் துவைப்பிலேயே குழுவின் பெயர் கெட்டுப்போகும்! சந்தேகமா? ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்க. முடி கருகும் வாடை அடித்தால் ரோமம் அல்லது பட்டு. காகிதம் எரியும் வாடை என்றால் பருத்தி.