கோரைக் குருத்தும் போசணைச் சமநிலையும்

ஆலயக் கேணியின் ஓரத்திலும் வயல் வாய்க்கால்களிலும் தானாகவே முளைத்து நிற்பது கோரை. புல்லைப் போலத் தோன்றினாலும் அது புல்லினம் அன்று. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையாக, உள்ளே வெறுமையாக இருக்கும். கோரைகள் பலவற்றின் தண்டோ மூன்று பட்டையாக, உள்ளே நிறைந்து காணப்படும். பாய் இழைக்க உதவுவதும், முத்தக்காசு என்னும் மருந்துக் கிழங்கைத் தருவதும் இக்குடும்பத்துச் செடிகளே.

கோரையை வெட்டினாலும் மீண்டும் குருத்து விடும். சேற்றினுள் படரும் நிலக்கீழ்த் தண்டிலுள்ள அரும்புகளே இதற்குக் காரணம். முதிர்ந்த தண்டு காயும்போது அதிலுள்ள நைதரசன், பொசுபரசு ஆகியவற்றின் ஒரு பகுதி கீழிறங்கிச் சேமிக்கப்படுகின்றது. அடுத்த குருத்தின் முதல் உணவு இச்சேமிப்பே ஆகும். முதிருமுன் அடிக்கடி வெட்டினால் சேமிப்புக் குறைந்து குருத்துகள் மெலியும்.

குருத்தும் இலையும் செழிக்க நைதரசன் வேண்டும். புதிய கலங்கள் உண்டாகவும் வேர் வளரவும் பொசுபரசு வேண்டும். கலங்களில் நீரைச் சமப்படுத்தப் பொற்றாசியம் வேண்டும். இவற்றில் எது குறைவோ அதுவே வளர்ச்சியின் எல்லையாகும். பொங்கற் பானையில் அரிசி நிறைய இருந்தும் தண்ணீர் போதாவிட்டால் பொங்கல் வேகாதல்லவா? அதுபோன்றதே இதுவும். ஐரோப்பிய ஈரநிலத் தாவரங்களைப் பற்றி நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் 1996 இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது. தாவரத்தில் நைதரசனின் நிறை பொசுபரசைப் போல் 14 மடங்கிலும் குறைந்தால் நைதரசன் தட்டுப்பாடு. 16 மடங்கிலும் கூடினால் பொசுபரசுத் தட்டுப்பாடு என்பதே அது.

குறைவு மட்டுமன்றி மிகையும் கேடே. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்னும் பெரும் ஈரநிலம் உண்டு. வாள் போன்ற விளிம்புடைய ஒருவகைக் கோரை, பொசுபரசு மிகக் குறைந்த அந்நீரில் நெடுங்காலம் செழித்திருந்தது. கரும்புத் தோட்டங்கள் முதலிய விளைநிலங்களிலிருந்து பசளை கலந்த நீர் வந்து சேர்ந்ததும், அதனை விரைந்து பயன்படுத்தும் சம்பு பல இடங்களில் கோரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1994 இல் இதற்கெனச் சட்டம் இயற்றி, பொசுபரசை வடிக்கும் செயற்கை ஈரநிலங்களை அமைக்க வேண்டியதாயிற்று. அங்கு நீருக்கு விதிக்கப்பட்ட பொசுபரசு அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் மட்டுமே.

நம் கேணிகளுக்கும் இது பொருந்தும். வயற் பசளையும் சவர்க்கார நீரும் நிர்மாலியப் பூக்களும் கேணியிற் சேர்ந்தால் போசணை மிகுந்து, பாசியும் சல்வீனியாவும் ஆற்றுவாழையும் நீரை மூடும். அவை அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் மடியும். நிர்மாலியத்தைக் குழியிலிட்டுக் கூட்டெருவாக்கினால் கேணியும் தூய்மை பெறும், நந்தவனமும் செழிக்கும். கேணிக்கரைக் கோரையையும் வேரோடு பிடுங்காமல் அளவோடு விட்டுவைத்தல் நன்று. அது கரை மண்ணைக் காத்து, நீரிலுள்ள மிகைப் போசணையையும் உறிஞ்சிக்கொள்ளும். தீர்த்தத்தின் தூய்மையைக் காப்பதும் இறைபணியே.