மாணவர் நலப் பிரிவுக்கு வரும் முதல் பட்டதாரிக்கு

வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிவிட்டு, அதே போன்ற வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் துணை நிற்க வேண்டும் என்று இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகள் இப்போது நிறைய. கல்லூரியின் மாணவர் நலப் பிரிவு, விடுதி, உதவித்தொகைப் பிரிவு, அறக்கட்டளை என்று இடம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். இதில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. உங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். "நானும் உன்னை மாதிரிதான் வந்தேன்" என்பது முதல் ஐந்து நிமிடத்துக்கு உதவும். அதற்கு மேல் போனால் உதவி கேட்டு வந்த பிள்ளை, உங்களுக்குத் தலையாட்டும் ஆளாகிவிடும். தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டு யாருக்கும் ஹால் டிக்கெட் வந்ததாக நான் பார்த்ததில்லை.

2. காகிதத்தைப் படியுங்கள். எந்தச் சான்றிதழை எந்த மேசையில் எப்போது கொடுப்பது என்பது படித்த வீடுகளில் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே பிள்ளையின் காதில் விழுந்துவிடும். நம் வீடுகளில் அதைச் சொல்ல ஆளில்லை. அந்த ஆளாக இருப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. தொழிற்படிப்பில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவருக்குத்தான் அது உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். தரகர் பேச்சைக் கேட்டு மே மாதமே மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்பணம் கட்டிவிடுகிற அப்பாவுக்கு இது தெரியாது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு; அதில் சேர்ந்தவரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022-இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது, மாணவர்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய். ஒவ்வொன்றுக்கும் யார் தகுதி, யார் இல்லை, எந்த அரசாணை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து ஆண்டுதோறும் திருத்துங்கள். சென்ற ஆண்டு விதியை இந்த ஆண்டு சொல்லி அனுப்பினால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அம்மா தாலுகா ஆபீசிலிருந்து வெறுங்கையோடு திரும்புவார்.

"பணம் வரலை சார்" என்று வருபவர்களில் பலருக்குப் பணம் வந்திருக்கும், வேறு கணக்குக்கு. ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைத்தார்களோ அதற்குத்தான் போகும். கடையில் செல்போனுக்காகக் கைரேகை வைத்தபோது ஒரு கணக்கு திறந்தது பிள்ளைக்கே தெரிந்திருக்காது. முதலில் அதைப் பாருங்கள். அடுத்து இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று கணினிக்குப் புரியாது. முதல் மாதமே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்ச்சில் வரப்போகிற அழுகை பாதி குறையும்.

3. வருகைப் பதிவேட்டை வாரந்தோறும் பாருங்கள். நம் பிள்ளைகள் யாரிடமும் சொல்லிவிட்டுப் படிப்பை நிறுத்துவதில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான். இரண்டு அரியர் வைத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். 75 சதவீத வருகை இல்லை என்று கல்லூரிக் கடிதம் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தொடர்ந்து மூன்று நாள் வராதவருக்கு நான்காம் நாள் போன் போக வேண்டும், "ஏன் வரலை" என்ற அதட்டல் இல்லாமல். நின்றே தீருவேன் என்பவருக்கும் அசல் சான்றிதழ்களை வாங்கிக் கொடுங்கள். அவற்றைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-இலேயே அறிவித்துவிட்டது. கையில் சான்றிதழ் இருந்தால் அடுத்த ஆண்டு வேறெங்காவது சேரலாம்.

4. "எஸ்சி ஸ்காலர்ஷிப் எல்லாம் எழுந்து நில்லு" என்று வகுப்பில் கூப்பிடுகிற வழக்கம் உங்கள் காலத்தோடு ஒழியட்டும். மாணவரின் சாதி விவரம் வகுப்பில் வெளிப்படக் கூடாது என்று, நாங்குநேரியில் பள்ளி மாணவர் மீது நடந்த சாதித் தாக்குதலுக்குப் பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் பள்ளிகளுக்குச் சொன்னது. கல்லூரிக்கு மட்டும் அது பொருந்தாதா என்ன? தனித்தனியாகக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

5. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எடுத்தவுடன் வாக்குக் கொடுக்காதீர்கள். முதலாம் ஆண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் உண்டு. பாலிடெக்னிக்கில் பதினைந்தும் உண்டு. பதினெட்டு நிறையாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். ராகிங் புகாரும் பஞ்சாயத்து பேசித் தீர்க்கிற விஷயமில்லை. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஆகவே முதலிலேயே, "உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் நான் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகள் பேசுவார்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் தனியாக விடாதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 டெலி மனாஸ் எண், இரவிலும் எடுப்பார்கள். மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு நாமே சிகிச்சை தர முயல்வது ஆபத்து.

6. சொந்தப் பணத்தில் தேர்வுக் கட்டணம் கட்டாதீர்கள். பஸ் காசு, ஒரு வேளைச் சாப்பாடு சரி. கட்டணம் கட்ட ஆரம்பித்தால் அடுத்த பருவத்தில் வாசலில் வரிசை நிற்கும். இல்லை என்று சொன்னவரின் முகத்தை மறுநாள் பார்க்க முடியாது. பழைய மாணவர்களிடம் பேசி, கல்லூரிக் கணக்கில் சிறு அவசர நிதி திரட்டுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

7. அக்கவுண்ட்ஸ் கிளார்க், விடுதிச் சமையல்காரர், வாட்ச்மேன் ஆகியோரோடு பழகி வையுங்கள். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறது என்று முதல்வருக்கு முன்னால் இவர்களுக்குத் தெரியும்.

8. இனி உங்களைப் பற்றி. நீங்களும் ஒரு வீட்டின் முதல் சம்பளம். கல்விக் கடன் தவணை, தம்பியின் ஃபீஸ், ஒழுகுகிற கூரை என்று எல்லாம் உங்களை நம்பித்தான் இருக்கும். "இது சேவைதானே" என்று சொல்லியே குறைந்த தொகுப்பூதியத்தில் ஆண்டுக் கணக்காக ஓட்டுகிற நிறுவனங்கள் உண்டு. அந்தச் சொல்லுக்கு மயங்காதீர்கள். சேவை என்று பேசுகிற நிர்வாகி மாதக் கடைசியில் தன் சம்பளத்தை வாங்கிக்கொண்டுதான் போகிறார். வேலையில் இருந்துகொண்டே எம்எஸ்டபிள்யூவோ, ஆலோசனை உளவியலில் முதுகலையோ முடியுங்கள்; அது இல்லாமல் கோப்பு தூக்கும் உதவியாளர் நிலையைத் தாண்டுவது கடினம். எத்தனை பேருக்கு உதவித்தொகை வாங்கித் தந்தீர்கள், படிப்பை நிறுத்தியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பெயரில்லாமல் கணக்கு வைத்திருங்கள். ஊதிய உயர்வு கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

அடுத்த நேர்காணலில் பதவிப் பெயர் என்ன, மாதச் சம்பளம் எவ்வளவு, பிஎஃப் உண்டா என்று நீங்களே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு சேருங்கள்.