சந்தேகத்தோடே வாக்களிக்கலாம்

"யார் வந்தாலும் எல்லாரும் ஒண்ணுதான்" என்ற பேச்சு எங்கள் வாலாஜாபாத்தில் இருபது வயதைத் தாண்டியவர்களிடம் சாதாரணம். அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. அது போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் தேர்தலின்மீது எனக்கு நம்பிக்கை பிறந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்பதற்குச் சான்று எங்கள் சட்டமன்றத் தொகுதியான உத்திரமேரூரிலேயே கிடைக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி அங்கே கல்லில் வெட்டிய, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகளில், யார் வரலாம் என்பதைவிட யார் வரக்கூடாது என்பதே விரிவாக இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான சபை அது. அதைப் பொற்காலம் என்று கொண்டாட என்னால் முடியாது. ஆனால் பதவிக்கு வருபவர் தவறு செய்யக்கூடும் என்று முதலிலேயே சந்தேகப்பட்டுத்தான் அந்த விதிகளை எழுதியிருக்கிறார்கள். தலைவர்களை நம்பாதவருக்குத்தான் தேர்தல் அதிகம் தேவைப்படுகிறது.

என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும் என்பார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை தியாகராய நகரின் முடிவை 137 வாக்குகள் தீர்மானித்தன. அங்கே வாக்காளர்களில் பத்துப் பேரில் நான்கு பேருக்குமேல் வாக்களிக்கவே இல்லை. 1967-இல் விருதுநகரில் காமராசரை மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் தோற்கடித்தது 1,285 வாக்குகளில். அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதிடலாம். அசைக்க முடியாதவர் என்று எவரும் இல்லை என்பதை மட்டும் மறுக்க முடியாது.

வாக்குறுதிகள் வெறும் பேச்சு என்ற வாதம் இதைவிட வலுவானது. மகளிர் உரிமைத் தொகையையே எடுத்துக்கொள்வோம். 2021 தேர்தலில் சொன்னது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக எதிர்க்கட்சிகளும் பெண்களும் எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில்தான் தொடங்கிவைத்தார்கள். மக்களவைத் தேர்தல் நெருங்கியதால் கொடுத்தார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும், அடுத்த தேர்தலை நினைத்து ஆள்பவர் அசைகிறார் என்றால், அசைக்கும் பிடி நம் கையில் இருக்கிறது என்றுதானே பொருள்? ஓட்டுக்குப் பணம் தருவதும் எனக்கு இதையே உணர்த்துகிறது. 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே ஆணையத்தின் பரிந்துரைப்படி குடியரசுத் தலைவர் ரத்து செய்யும் அளவுக்குப் பணம் பிடிபட்டது. மதிப்பில்லாத பொருளுக்கு யாரும் அவ்வளவு செலவு செய்யமாட்டார்கள்.

ஆகவே இளையவர்களுக்கு நான் சொல்வது, வேட்பாளரின் பேச்சைவிட அவருடைய பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள் என்பதுதான். சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கும்; முன்பே போட்டியிட்டவர் என்றால் பழைய பத்திரத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேர்தல் அறிவிப்புக்கு முன்பே பார்த்துவிடுங்கள். தேர்தல் முடிந்த பிறகு பேரூராட்சிக்காரர்கள் பகுதி சபைக்கும், சுற்றுக் கிராமத்தார் கிராம சபைக்கும் போய், வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

என்னால் எளிதில் பதில் சொல்ல முடியாத கேள்வி பரந்தூர் பக்கமிருந்து வருகிறது. அங்கே திட்டமிட்ட புதிய விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டும் அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. 2024 ஏப்ரல் 19 அன்று அவர்கள் மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஊரும் ஏரியும் வயலும் போகப்போகின்றன என்று நிற்பவர்களிடம், ஓட்டுப் போட்டிருக்கலாமே என்று நான் சொல்லமாட்டேன். ஒரு ஊர் தனியாக வாக்களித்தாலும் புறக்கணித்தாலும் அரசு தாங்கிக்கொள்ளும். நிலம் பறிபோகாத வாலாஜாபாத்துக்காரர்களும் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் ஏகனாபுரத்தைப் பற்றிக் கேட்டால் தாங்குவது கடினம். அந்தக் கேள்வியை அவர்களுக்காக நாம் இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை.