மாங்காய் பழுக்கும் முறையும் கார்பைடு கல்லும்

மாம்பழக் காலம் வந்துவிட்டது. தள்ளுவண்டியில் எல்லாம் ஒரே மஞ்சளாக மின்னுகிறது. வீட்டில் அறுத்தால் சில பழங்கள் உள்ளே வெளுத்து, புளிக்கின்றன. இதற்குப் பெரும்பாலும் காரணம், முற்றாத காயைப் பறித்துக் கார்பைடு கல் போட்டுப் பழுக்க வைப்பதுதான். ஈரம் பட்டால் அந்தக் கல்லிலிருந்து அசிட்டிலின் வாயு வரும். அது தோலை மஞ்சளாக்கிவிடும். ஆனால் காயில் போதிய மாவுச்சத்து சேராமல் இனிப்பு எங்கிருந்து வரும்? காசு வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். வெல்டிங் பட்டறைக்குப் போகவேண்டிய இந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் நச்சுகளும் கலந்திருக்கும். இப்படிப் பழுக்க வைத்த பழத்தை விற்பதை 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளன.

நன்றாக முற்றிய காய்க்குக் கல் தேவையே இல்லை. எத்திலீன் என்ற வாயுவை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். அப்போது மாவுச்சத்து சர்க்கரையாகும், புளிப்பு குறையும், சதை இளகும். ஒரு காய் பழுக்கத் தொடங்கினால், அதன் வாயு பக்கத்துக் காயையும் பழுக்கத் தூண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் மாங்காயை அரிசிப் பானையிலும் வைக்கோலிலும் புதைத்தது இந்த வாயு கலைந்து போகாமல் இருக்கத்தான். வாழைத்தாருக்கு மூட்டம் போடுகிறோமே, அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு.

ஆகவே முற்றிய காயாகப் பார்த்து வாங்குங்கள். காம்பைச் சுற்றித் தோள்பட்டை போல உப்பியிருக்க வேண்டும். காகிதப் பையில் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு வைத்து, வாயை மடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் காற்றில்லாமல், வேர்த்து அழுகிவிடும். தினமும் எடுத்துப் பார்த்து, அழுகியதை உடனே நீக்குங்கள். முற்றலைப் பொறுத்து நான்கைந்து நாளில் காம்புப் பக்கம் மணம் வரும். அதுவரை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிரில் காய் சரியாகப் பழுக்காது.

கொய்யா, சப்போட்டா, பப்பாளி, சீத்தாப்பழம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். திராட்சை, மாதுளை, ஆரஞ்சு, அன்னாசி ஆகியவை பறித்த பிறகு இனிப்பு கூடாதவை. அவற்றைப் பழமாகவே பார்த்து வாங்க வேண்டும்.

பழ வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: எத்திலீன் வாயு அறையில் பழுக்க வைக்க அனுமதி உண்டு. 10 லட்சத்தில் 100 பங்கு வரை போகலாம். எத்திபான் மருந்துக் கரைசலில் காயை முக்குவதற்கு அனுமதி இல்லை. பெட்டிக்குள் கல் பொட்டலத்தைக் கண்டவர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.