தெறி, சரவெடி, புஸ்வாணம்

கேள்வி: கல்லூரிக்குப் போகும் என் மகன் ‘தெறி’, ‘சரவெடி’, ‘புஸ்வாணம்’, ‘சிதறவிட்டான்’ என்றே பேசுகிறான். இதற்கெல்லாம் என்ன அர்த்தம்? கண்டிக்கலாமா?
– ஒரு வாசகி, அச்சங்குளம்

பதில்: கண்டிக்க வேண்டாம், அம்மா. ‘தெறி’ என்றால் பிரமாதம். 2016-இல் விஜய் படத்துக்கே அது பெயரானது. மூச்சுவிடாமல் வெளுத்து வாங்குவது ‘சரவெடி’. ஆர்ப்பாட்டமாகத் தொடங்கி ஒன்றுமில்லாமல் போனால் ‘புஸ்வாணம்’. உற்சாகம் வடிந்தால் ‘நமுத்துப்போச்சு’ என்பார்கள். ஈரக்காற்று பட்ட வெடிமருந்து வெடிக்காது என்பது பட்டாசுத் தொழில் நடக்கும் உங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திரி வைத்துச் சரம் பின்னும் உழைப்பாளிகளின் உலகத்திலிருந்து வந்த பேச்சு இது. பையன் பெருமையாகவே பேசட்டும்.

‘சிதறவிட்டான்’ என்றால் எதிராளியைத் திணறடித்தான் என்று பொருள். இதில் மட்டும் கவனம் வேண்டும். 2021 பிப்ரவரி 12 அன்று உங்கள் ஊர்ப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பிள்ளையை, பெற்றவளைப் பறிகொடுத்த வீடுகள் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. அவர்கள் காதில் அந்தச் சொல் விளையாட்டாக விழாது. எந்த வார்த்தையை யார் முன்னால் பேசக்கூடாது என்பதை மகனிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், கட்டாயம் புரிந்துகொள்வான்.